செவிலியும் வாயிலும்: வன்முறை உறவிலிருந்து விலகிவரும் பெண்களுக்கான செவிலியர்வழித் துணையைத் தமிழில் வாசித்தல்

முன்னுரை

வன்முறை மிகுந்த மணவுறவை விட்டு வெளியேறும் பெண்ணுக்குச் செவிலியர் முன்னின்று வழங்கும் நெடுங்காலத் துணை, கனடாவில் ஒரு தனி ஆய்வுப் புலமாக வளர்ந்திருக்கிறது. ஒன்ராறியோவிலும் நியூ பிரன்சுவிக்கிலும் பணியாற்றிய மெரிலின் ஃபோர்ட்-கில்போ, ஜூடித் வூஸ்ட், மெரிலின் மெரிட்-கிரே ஆகியோரும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் காலின் வார்கோவும் சேர்ந்து உருவாக்கிய 'ஐ-ஹீல்' எனும் திட்டம் அப்புலத்தின் முதன்மையான ஆக்கம். அதன் கோட்பாடும் கையேடுகளும் ஆங்கிலத்தில் எழுந்தவை. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வாழும் ஈழத்தமிழ்ப் பெண்களிடம் இத்தகைய துணை சென்று சேரவேண்டுமாயின் அது தமிழில் பேசியாக வேண்டும்.

தமிழியல் மாநாட்டில் தாதியியலுக்கு என்ன வேலை என்ற வினா எழலாம். ஒரு துறையின் கலைச்சொற்கள் மற்றொரு மொழிக்குள் வரும்போது அவை வெறுமையான இடத்தில் வந்து அமர்வதில்லை. அங்கே முன்பே குடியிருக்கும் சொற்களின் நினைவுகளோடு அவை மோதவும் கலக்கவும் வேண்டியிருக்கிறது. 'செவிலி', 'பிரிவு', 'வாயில்', 'குடும்பம்' ஆகியவை ஈராயிரம் ஆண்டு இலக்கியப் பழக்கம் உடைய சொற்கள். ஐ-ஹீல் போன்ற ஒரு திட்டத்தைத் தமிழாக்குபவர் அப்பழக்கத்தை அறியாமலேயே அதைத் தம் துண்டறிக்கைக்குள் கொண்டுவந்துவிடுவார். இக்கட்டுரை திட்டத்தின் மருத்துவப் பயனை அளக்க முற்படவில்லை. அதன் கருத்துகளைத் தமிழ் அகமரபின் எதிரில் நிறுத்தி இரண்டையும் திறனாய்வு நோக்கில் வாசிக்கிறது.

செவிலியும் அருமறையும்

நோயாளரைப் பேணும் பணியாளரைத் தமிழ்நாடு 'செவிலியர்' என்கிறது. ஈழம் 'தாதி' என்கிறது. பேச்சில் இரு கரையிலும் 'நர்ஸ்' அல்லது 'நேர்ஸ்'. தாதி என்ற சொல்லுக்கு வளர்ப்புத்தாய், பணிப்பெண் என இரு பொருளும் உண்டு. இரண்டாவது பொருளின் நிழல் இன்றும் அச்சொல்லின்மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. செவிலி என்ற சொல்லோ அகப்பாடல்களிலிருந்து எடுத்துத் தற்கால மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் சொல்லை மட்டுமே எடுத்தார்கள். அச்சொல்லுக்குரிய மாந்தர் யார், அவர் பாடல்களில் என்ன செய்கிறார் என்பது பெரும்பாலும் நினைக்கப்படவில்லை.

தொல்காப்பியக் களவியல், தாய் என்று சொல்லப்படத்தக்கவள் செவிலியே என்று வரையறுக்கிறது. அதற்கு அது கூறும் காரணம் பாலூட்டியது அன்று. அரிய மறைகள் அவள்வழிப் பேசப்படுகின்றன என்பதே. பெற்றவளைவிட வளர்த்தவளைத் தாய் ஆக்குவது மறைபொருளுக்கு அவள் உரியவளாய் இருப்பது. தோழி இச்செவிலியின் மகள் என்பதையும் அதே இயல் சொல்கிறது. ஆக, தலைவி தன் உள்ளத்தைத் தோழியிடம் திறக்கிறாள். தோழி தன் தாயான செவிலியிடம் சொல்கிறாள். செவிலி நற்றாயிடம் சொல்கிறாள். நற்றாய்வழித் தந்தையும் தமையரும் குறிப்பால் உணர்கின்றனர். அறத்தொடு நிற்றல் எனப்படும் இவ்வரிசை, ஒரு பெண்ணின் மறைபொருள் படிப்படியாகக் குடும்பத்தின் அதிகாரத்திடம் சென்று சேரும் வழி.

தற்காலச் செவிலியரிடம் ஒரு பெண் சொல்லும் செய்தி இதற்கு நேர்மாறான விதிக்கு உட்பட்டது. அது செவிலியரோடு நின்றுவிட வேண்டும். தாய்க்கோ தமையனுக்கோ அது போகாது என்ற உறுதி இல்லாத இடத்தில் அப்பெண் வாய் திறக்கமாட்டாள். ஆயினும் இவ்வுறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்று ஐயுற நியாயமான காரணம் இருப்பின், அதைச் சிறுவர் நலத்துறைக்கு அறிவிக்கும் கடமை ஒன்ராறியோவில் செவிலியருக்குச் சட்டப்படி உண்டு. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சம் புலம்பெயர் தாய்மாரிடம் ஆழமானது. எனவே இந்த எல்லையை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது மறைபொருளின் அறத்தில் ஒரு பகுதி. 'நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்கும்' என்று மட்டும் தமிழில் அச்சிட்டுவிட்டு நிறுத்தும் துண்டறிக்கை அரை உண்மையைச் சொல்கிறது.

ஐ-ஹீலின் அடிப்படைகள்

திட்டத்தின் வேர் 1990களின் ஆய்வுகளில் உள்ளது. மெரிட்-கிரேயும் வூஸ்டும் நியூ பிரன்சுவிக்கின் பெண்களிடம் உரையாடி, விட்டு வெளியேறுதல் ஒரு நாளில் நடக்கும் நிகழ்ச்சி அன்று, நீண்ட செயல்முறை என்று 1995இலும் 1999இலும் எழுதினர். பின்னர் தனித்தாய்க் குடும்பங்களிடம் மேற்கொண்ட ஆய்விலிருந்து, வெளியேறிய பிறகு அப்பெண்களின் மையச் சிக்கல் என்ன என்பதற்கு 2003இல் ஒரு விடை கிடைத்தது. தன் வாழ்வைத் தான் நினைத்தபடி நடத்த விடாமல் வெளியிலிருந்து வந்து குறுக்கே விழுந்து, ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் தொந்தரவுகளே அச்சிக்கல். முன்னாள் துணைவனின் தொடரும் கொடுமை அவற்றுள் ஒன்று. உடலிலும் மனத்திலும் எஞ்சியிருக்கும் பாதிப்பு மற்றொன்று. விரும்பாமல் நேரும் வாழ்க்கை மாற்றங்கள் இன்னொன்று. உதவி தேடுவதற்குக் கொடுக்க நேரும் விலையையும் ஆய்வாளர்கள் இவ்வரிசையில் சேர்த்தனர். உதவியே ஒரு தொந்தரவாகக் கூடும் என்று உதவி செய்பவர்களே எழுதியிருப்பது, என் கருத்தில், இக்கோட்பாட்டின் மிக நேர்மையான பகுதி.

இதன்மேல் எழுந்த செயல்திட்டத்தில் ஒரு செவிலியர் ஒரு பெண்ணை ஏறக்குறைய ஆறு மாத காலம், அவள் விரும்பும் இடத்தில், பலமுறை சந்திக்கிறார். பாதுகாப்பு, அன்றாடப்பாடு, நோய்க்குறிகள், பிறரோடுள்ள உறவு, தன்னைப் புதுப்பித்தல், குடும்பத்தை மீளக் கட்டுதல் என ஆறு கூறுகளில் எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்பதை அப்பெண் முடிவு செய்கிறாள். அவளைப் பிரியச் செய்வதோ சேர்த்துவைப்பதோ செவிலியரின் வேலை அன்று.

இத்திட்டத்துக்குப் பின்புலமாக நிகழ்ந்த நெடுங்கால ஆய்வில் மூன்று மாகாணங்களின் 309 பெண்கள் பங்கேற்றனர். அவர்களுள் 292 பேரை வைத்து 2008இல் வெளிவந்த ஆய்வு, பிரிந்து சராசரியாக 20 மாதங்கள் கழிந்த பின்னும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அன்றாட இயக்கத்தைக் கடுமையாக முடக்கும் தீராவலி இருந்ததைக் காட்டியது. அடி நின்றபின்னும் வலி நிற்பதில்லை.

தலையிடி என்னும் வாயில்

தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை செவிலியர்வழித் துணை ஏன் வேறு துணைகளைவிடப் பொருந்தும் என்பதற்கு விடை இந்த வலியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி மருத்துவ நிலையத்தில் சொல்வது தலையிடி, நாரி நோ, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு, கைகால் விறைப்பு. 'அவர் அடிக்கிறவர்' என்ற வாக்கியம் வருமாயின் இவற்றுக்கெல்லாம் பின்னரே, பல சந்திப்புகள் கடந்து வரும். பெண்கள் காப்பகத்தின் வாசலில் நிற்பதைக் கண்டால் ஊர் பேசும். குடும்ப ஆலோசகரிடம் போவதும் பேசப்படும். தலையிடிக்கு மருந்தெடுக்கப் போவதை யாரும் பேசுவதில்லை. உடலின் பெயரால் செல்லத்தக்க ஒரே வாசல் மருத்துவ வாசல்தான். அவ்வாசலில் நின்று நேரம் எடுத்துக் கேட்கக்கூடியவர் செவிலியர்.

உடலைப் பற்றிப் பேசும் பெண் உள்ளத்தை மறைக்கிறாள் என்று இதை வாசிப்பது பிழை. அவ்வாறு வாசிக்கும் வழக்கம் மேலை உளவியல் நூல்களில் உண்டு. தமிழ் ஆலோசனை எழுத்துகளும் அதைக் கடன் வாங்கியுள்ளன. அகப்பாடல்கள் மரபாகவே துன்பத்தை உடலில் எழுதுபவை. நெகிழும் வளை, பசக்கும் நுதல், மெலியும் தோள், துயிலா இரவு ஆகியவை அப்பாடல்களில் உள்ளத்தின் நேர்மொழியே. அங்கே தாய்மார் அம்மெலிவைக் கண்டு முருகன் அணங்கியதாக எண்ணி வெறியாட்டு நிகழ்த்துவர். நோயைத் தவறாகக் கண்டறிதலைக் கவிதையின் மையமாக்கிய மரபு இது. வலிமாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் மருத்துவமனை இன்றைய வெறியாட்டுக் களம் என்று சொன்னால் மிகையாகாது. உடற்குறியை உடற்குறியாகவே மதித்து, அதற்குரிய மருத்துவத்தையும் செய்து, அது சொல்லும் பிறவற்றையும் கேட்பதே ஐ-ஹீலின் 'நோய்க்குறிகளைச் சமாளித்தல்' என்னும் கூறு. தமிழில் அக்கூறுக்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை.

ஆபத்தை அளப்பதிலும் செவிலியரின் பங்கு சிறியதன்று. அமெரிக்கச் செவிலியரான ஜாக்குலின் கேம்பல் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கருவி, கடந்த ஓராண்டில் வன்முறை நிகழ்ந்த நாள்களை நாள்காட்டியில் குறிக்குமாறு பெண்ணைக் கேட்பதிலிருந்து தொடங்குகிறது. நினைவில் சிதறிக் கிடந்தவை ஒரு தாளில் வரிசையாக நிற்கும்போது, 'எப்போதாவதுதான்' என்று சொல்லிவந்தவளே அதன் அடர்த்தியைக் காண்கிறாள். இக்கருவியைத் தமிழில் பயன்படுத்துவோர் ஒன்றைக் கருதலாம். நம் பெண்கள் பலர் துன்ப நாள்களை ஆங்கில மாதத் தேதியால் நினைவில் வைப்பதில்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை, தைப்பொங்கலன்று, மாமியாரின் திவசத்துக்கு மறுநாள் என்றே அவர்கள் காலம் நிற்கிறது. தமிழ்க் கடைகளில் கொடுக்கும், இராகுகாலமும் விரத நாள்களும் அச்சிட்ட நாள்காட்டியை மேசையில் விரித்தால் நினைவு விரைவாக வரும். கேம்பலும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, மிகுந்த கட்டுப்பாடு செலுத்தும் துணைவனை விட்டுப் பிரியும் காலத்தில் பெண்ணின் உயிருக்குள்ள ஆபத்து கூடுகிறது என்று காட்டியது. 'விட்டுவிட்டு வாருங்கள்' என்று எளிதாகச் சொல்லும் நலவிரும்பிகள் படிக்க வேண்டிய ஆய்வு அது.

மகள்நிலை கண்டுவந்த செவிலி

சங்கச் செவிலி இல்லம் சென்று பார்ப்பவளும் ஆவாள். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி செவிலி கூற்றுப் பத்தோடு தொடங்குகிறது. கணவனும் மனைவியும் புதல்வனும் ஒன்றாயிருக்கும் இனிமையைக் கண்டு மீண்ட செவிலி அதைச் சொல்வதாக அப்பாடல்கள் அமைந்துள்ளன. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடலில், புதுமனைவி சமைக்கும் காட்சியைச் செவிலி கண்டுவந்து நற்றாய்க்கு உரைக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் ஏறியிருக்கிறது. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடை துவைக்கப்படாமல் உடலில் இருக்கிறது. கணவன் இனிதென உண்டதும் அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. செவிலியின் கண் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அக்கண் காணப் பயிற்றப்பட்டது ஒன்றைத்தான்: மகள் அங்கே பொருந்திவிட்டாள் என்பதை.

நற்றிணையில் போதனார் பாடிய 110ஆம் பாடல் இதைவிடக் கூர்மையானது. பொற்கிண்ணத்துப் பாலை உண்ண மறுத்து ஓடி விளையாடிய சிறுமி, மணமான பின் கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டுச் செழித்த சோற்றை நினையாமல் ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். இத்தகைய அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்ற வியப்போடு அது அவளைப் போற்றுகிறது. பாடல் கூறுவது வறுமையையே, கொடுமையை அன்று. அதைக் கொடுமையின் பாடலாக மாற்றி வாசிப்பது கவிதைக்குச் செய்யும் அநீதி. ஆனால் அப்பாடலை நாம் எவ்வாறு பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்பது வேறு வினா. பள்ளி மேடைகளிலும் திருமண வாழ்த்துரைகளிலும் பிறந்தகத்துக்குத் தன் குறையைத் தெரிவிக்காத பெண்ணே அறிவுடையவள் என்ற பாடமாக அது மாறியிருக்கிறது. உண்ணாதிருத்தல், பிறந்தகத்தைத் தொடர்புகொள்ளாதிருத்தல், குறை கூறாதிருத்தல் ஆகிய இம்மூன்றையும் ஒரு பெண்ணிடம் ஒருங்கே காணும் பயிற்சி பெற்ற செவிலியர் அவற்றைப் பண்பாகக் குறித்துக்கொண்டு எழுந்துபோகமாட்டார். இன்னும் சில வினாக்கள் கேட்பார். ஒரே காட்சியை இரண்டு செவிலியர் காண்கின்றனர். முன்னவர் நற்றாய்க்கு நல்ல செய்தி கொண்டுபோக வேண்டியவர், பின்னவர் யாருக்கும் செய்தி கொண்டுபோக வேண்டாதவர். பார்வையின் வேறுபாடு இந்தப் பொறுப்பின் வேறுபாட்டில் பிறக்கிறது.

இலங்கையின் கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதும், அரச மருத்துவமனைகளில் இயங்கும் 'நட்பு நிலையம்' என்ற ஆலோசனை அமைப்பும் கனடாவுக்கு வந்த பெண்கள் பலர் அறிந்தவை. மருத்துவப் பணியாளரிடம் வீட்டுத் துயரத்தைச் சொல்லலாம் என்ற எண்ணம் ஆகவே நம் பெண்களுக்கு முற்றிலும் புதிதன்று.

வாயில்கள் பன்னிரண்டு

பரத்தையிற் பிரிந்த தலைவன் மீண்டும் மனைக்குள் நுழைய அவன் சார்பில் தூது பேசுவோரை அகமரபு 'வாயில்' என்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனத் தொல்காப்பியக் கற்பியல் பன்னிருவரை எண்ணிச் சொல்கிறது. பட்டியலை இன்று வாசிக்கும்போது அதன் முழுமை வியப்பளிக்கிறது. தாய் முதல் வழியில் கண்டவர் வரை, வீட்டுக்கு வந்த விருந்தினர் உட்பட, ஊரே அவளை இணங்கச் செய்யத் திரண்டு நிற்கிறது. இவ்வாயில்கள் அனைத்தும் உள்நோக்கி மட்டுமே திறப்பவை. அவன் உள்ளே வர வழி உண்டு. அவள் வெளியே போக வழி இல்லை.

ரொறன்ரோவின் தமிழ்ச் சமூகத்தில் இந்தப் பன்னிருவரும் பெயர் மாறி உள்ளனர். 'சமாதானம் பேசுவது', 'சேர்த்து வைப்பது' என்பன அவர்கள் பணி. ஊரிலிருந்து தொலைபேசியில் அழும் மாமியார், கோயில் ஐயர், கணவனின் பள்ளித் தோழர், பிள்ளைகளின் பெயரால் பேசும் அக்கா. இவர்களுள் பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்கள். சிக்கல் அவர்கள் உள்ளத்தில் இல்லை. அவர்கள் ஏற்றிருக்கும் பாத்திரம் ஊடலுக்கென வகுக்கப்பட்டது. புலவி, ஊடல், துனி என்று மரபு வகுத்த மனவேறுபாடுகளில் இருவரும் ஒருவரையொருவர் அஞ்சுவதில்லை. அச்சம் ஆளும் வீட்டில் ஊடலுக்குரிய தூதுவர் நுழைந்தால், அவள் சொன்னவை அனைத்தும் அவன் காதுக்குப் போய்ச் சேரும்.

அதே மரபு வாயில் மறுத்தல் என்ற துறையையும் வைத்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. தலைவியும் தோழியும் பாணனைக் கடிந்து வாசலிலேயே திருப்பி அனுப்பும் பாடல்கள் மருதத்தின் சிறந்த பாடல்களுள் சில. 'இல்லை' என்று சொல்லும் பெண்குரலுக்கு நம் இலக்கியத்தில் முறையான இடம் உண்டு. அம்மறுப்பு இறுதியில் தணியும் என்ற எதிர்பார்ப்பும் அதனுடன் சேர்ந்தே வருகிறது என்பது அதன் எல்லை.

ஐ-ஹீல் இவ்விடத்தில் முன்வைக்கும் கூறு, ஒவ்வோர் உறவிலும் வரவு என்ன, செலவு என்ன என்று நிதானித்து நெருங்குதல் அல்லது விலகி நிற்றல். 'எச்சரிக்கையான தொடர்பு' என்று மொழிபெயர்த்தால் அது தொலைபேசி மோசடி பற்றிய அறிவிப்புப் போல ஒலிக்கும். திருக்குறளில் நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கும்போது 'உறவாராய்தல்' என்ற சொல்லை ஆக்கிக்கொள்வதில் தடையில்லை. உறவு தானாக வாய்த்தது, ஆராயத்தக்கதன்று என்ற எண்ணத்தை அச்சொல் மென்மையாக மறுக்கவும் செய்யும்.

மொழிபெயர்ப்பாளரும் ஒரு வாயிலே. சிறிய சமூகத்தில், மருத்துவமனை அழைக்கும் தமிழ் உரைபெயர்ப்பாளர் கணவனின் ஊரவராய் இருந்துவிடலாம். கற்பியலின் பன்னிருவரோடு பதின்மூன்றாமவராக அவர் சேரும்போது, பெண் தன் தலையிடியோடு வீடு திரும்புகிறாள். தமிழ் பேசும் செவிலியருக்கும் இது பொருந்தும். ஒரே மொழி என்பது எப்போதும் பாதுகாப்பன்று. தமிழ்ச் செவிலியரா, வேற்றுமொழிச் செவிலியரும் தொலைவிலுள்ள உரைபெயர்ப்பாளருமா என்ற தெரிவை அப்பெண்ணிடமே விடுவதுதான் முறை.

இத்துடன் அரசின் வாயிலும் உண்டு. கணவனின் பொறுப்பேற்பில் கனடாவுக்கு வந்த மனைவியர் பலருக்கு, ஈராண்டுகள் அவனோடு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனையுடன் நிரந்தர வதிவுரிமை வழங்கும் விதி 2012 அக்டோபரில் வந்து 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. கொடுமைக்கு உள்ளானோருக்கு விதிவிலக்கு இருந்தது. அதைக் கோருவதற்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. விதி போயிற்று. 'விட்டுப்போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்ற அச்சுறுத்தலுக்கு அவ்விதி தந்த வலிமை அதனோடு போய்விட்டதாகக் கருத இயலாது.

தலையீடு, குடும்பம்: இரு சொற்களின் சிக்கல்

கோட்பாட்டின் மையச் சொல்லுக்கு வருவோம். வெளியிலிருந்து வந்து வாழ்வைக் குலைக்கும் தொந்தரவைத் தமிழில் 'ஊடுருவல்' என்று எழுதலாம். போர்க்காலச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த ஈழத்துக் காதில் அது படையினரைக் கொண்டுவரும். அது முற்றிலும் பொருந்தாதது என்று சொல்லவும் மனம் வரவில்லை. 'தலையீடு' என்பது வழக்கிலுள்ள சொல். ஆனால் சமூகப்பணித் துறையினர் நன்மைக்காகச் செய்யப்படும் திட்டமிட்ட உதவியையும் 'தலையீடு' என்றே மொழிபெயர்த்து வருகின்றனர். சிலர் 'இடையீடு' என்பர், அதற்கும் பழந்தமிழில் தடை என்றே பொருள். ஆங்கிலத்தில் வேறு வேறாக நிற்கும் நோயும் மருந்தும் தமிழில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு இது இடர். திறனாய்வாளருக்கு இது ஓர் ஒளி. உதவியின் விலையையும் தொந்தரவாகக் கணக்கிட்ட அந்த ஆய்வாளர்கள் நீண்ட களப்பணியில் கண்டடைந்ததைத் தமிழ்ச் சொல் தன் இருபொருளிலேயே வைத்திருக்கிறது. படிவம் நிரப்பச் சொல்லும் அலுவலர், மூன்றாம் முறையாக முதலிலிருந்து கதை கேட்கும் மருத்துவர், வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்க்கும் சிறுவர் நல அலுவலர் ஆகிய எல்லோரும் 'தலையிடுகிறார்கள்'. ஆயினும் பயன்பாட்டுக்கு இரு சொற்கள் தேவை. தொந்தரவுக்குக் 'குறுக்கீடு' என்றும், செவிலியர் செய்வதற்கு இக்கட்டுரை முழுவதும் ஆண்டுள்ள 'துணை' என்றும் வைத்துக்கொள்வது தக்கது. துணை என்ற சொல் கூட நடப்பவரைக் குறிக்கும். முன்னே இழுப்பவரையும் பின்னே தள்ளுபவரையும் குறிக்காது.

'குடும்பத்தை மீளக் கட்டுதல்' என்ற கூறில் சிக்கல் இன்னும் ஆழமானது. இங்கு ஆங்கிலக் கோட்பாடு குடும்பம் என்பதால் தாயையும் பிள்ளைகளையும் குறிக்கிறது. தனித்தாய்க் குடும்பங்களிடமிருந்து பிறந்த கோட்பாட்டில் அது இயல்பு. தமிழில் 'குடும்பம் நடத்துதல்' என்றால் கணவனோடு வாழ்தல். அத்தொடரை அப்படியே பெயர்த்து வைத்தால், 'உங்கள் குடும்பத்தை மீண்டும் கட்டியெழுப்ப உதவுகிறோம்' என்பதை எந்தத் தமிழ்ப் பெண்ணும் கணவனோடு சேர்த்துவைக்கும் வாக்குறுதியாகவே வாசிப்பாள். பன்னிரு வாயில்களுக்கு அஞ்சி வந்தவள் பதினான்காவதைக் கண்டு திரும்பிவிடுவாள். 'பிள்ளைகளும் நீங்களும்' என்று எழுதுவது கலைச்சொல் ஆகாது. ஆனால் பிழைபட வழியில்லை.

இங்கே கோட்பாட்டின் மீதும் ஒரு குறை சொல்லவேண்டியிருக்கிறது. 'தன்னைப் புதுப்பித்தல்' என்னும் கூறு, தன் விருப்பங்களை நினைவுகூரும் தனிமனுசி ஒருத்தியை முன்னிறுத்துகிறது. கூட்டு உறவுகளால் தன்னை அறிந்துவந்த பெண்ணுக்கு இது தண்டனை போலத் தோன்றக்கூடும். வன்கூவரில் முதற்குடிப் பெண்களுக்காக இத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது, மொழிபெயர்ப்போடு நிற்காமல் அச்சமூகத்தின் முதுபெண்டிரைச் செவிலியரோடு இணைத்து வட்டமாக அமரும் கூட்டங்களையும் சேர்த்தனர். தமிழுக்கு அந்த முன்மாதிரி அப்படியே பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நம் முதுபெண்டிர் பலர் வாயில்களாகப் பழகியவர்கள். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' தொகுப்பின் தலைமுறைப் பெண்கள் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அத்தொகுப்பின் தலைப்பையே பொருளாய்ப் புரிந்துகொள்ளும் பெண்களிலிருந்து அத்தகைய துணைவட்டம் தொடங்கலாம்.

விலகிவருதல்

ரொறன்ரோத் தமிழ்ப் பெண்களின் வன்முறை பற்றிய புரிதலை ஆராய்ந்து ராபின் மேசன், செபாலி குருகே உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, வன்முறை ஒரு சர்வதேச மொழி என்கிறது. அத்தலைப்பு எழுப்பும் வாதத்தை ஏற்கலாம்: அடியையும் இழிசொல்லையும் எந்த நாட்டுப் பெண்ணும் அவ்வாறே அறிகிறாள். ஆனால் விட்டு வெளியேறுவதற்கான மொழி சர்வதேசமானது அன்று. அது ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே ஆக்கப்பட வேண்டியிருக்கிறது.

தமிழ் அகமரபு பிரிவை நுட்பமாக வகைப்படுத்தியது. ஓதல், பகை, தூது, பொருள், காவல், பரத்தை என அவ்வகைகள் யாவும் ஆணுடையவை. பெண் வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே துறை உடன்போக்கு. அங்கும் அவள் ஒருவனுடன் போகிறாள். அப்போது பாலைநிலத்தில் அவளைத் தேடிச் செல்பவள் செவிலி. பாலைக்கலியில், எதிர்ப்பட்ட முக்கோற் பகவரிடம் மகளைக் கண்டீர்களோ என்று அவள் கேட்க, சந்தனமும் முத்தும் யாழின் இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படுவதில்லை, மகளும் அவ்வாறே என்று அவர்கள் தெளிவித்து அனுப்புகின்றனர். மீட்கப் போனவள் மீட்கும் உரிமை தனக்கில்லை என்றறிந்து திரும்பும் அரிய இடம் அது. ஆனால் அந்த உரிமை அங்கே மகளுக்குப் போகவில்லை. அவளைக் கொண்டவனுக்குப் போகிறது. தன்னந்தனியே, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கணவனை விட்டு வெளியேறும் மனைவிக்கு மரபில் துறை இல்லை. பேச்சுவழக்கில் இருப்பவை 'வாழாவெட்டி', 'விட்டிட்டு வந்தவள்' போன்ற ஏச்சுகள்.

மெரிட்-கிரேயும் வூஸ்டும் 1999இல் எழுதிய கட்டுரை, வெளியேறியபின் திரும்பிப் போகாமலிருத்தலைத் தனியொரு கட்டமாக ஆராய்ந்தது. கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என எதிர்மறையால் அறத்தைப் பெயரிடும் வழக்கம் நம்மிடம் உள்ளதால் 'திரும்பாமை' என்று அதைச் சொல்லிப்பார்க்கத் தோன்றும். சொல் அழகியது, ஆனால் ஆபத்தானது. அறமாகப் பெயரிட்டால் அது தேர்வாகிவிடும். பணமின்மையாலோ பிள்ளைகளின் அழுகையாலோ ஒருமுறை திரும்பிப் போனவள் அவ்வறத்தில் தவறியவள் ஆவாள். போவதும் வருவதுமாகவே பலருடைய விலகல் நிகழ்கிறது என்பதுதான் அவ்வாய்வுகளின் முதற் பாடம்.

இக்கட்டுரை பரிந்துரைப்பது 'விலகிவருதல்'. தமிழில் வருதல் துணைவினையாகும்போது தொடர்ந்து நிகழ்வதைக் காட்டும். எழுதிவருகிறாள் என்றால் இன்னும் எழுதி முடியவில்லை என்று பொருள். விலகிவருகிறாள் என்பதில் முடிவுறாத செயல்முறை அடங்கியிருக்கிறது. இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. வருசொல்லும் தருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. 'விலகிப்போனாள்' என்பவர் அவள் விட்ட வீட்டுக்குள் இருந்து பேசுகிறார். 'விலகிவருகிறாள்' என்று சொல்வதற்குப் பேசுபவர் அவ்வீட்டுக்கு வெளியே, அவள் வந்து சேரும் பக்கத்தில் நின்றாக வேண்டும்.